மூன்று முறை கேட்கிற ஊர்

ஐயோவா மாநிலத்துக்குப் போகிறோம் என்றதும் ஜெர்சி சிட்டியில் எங்கள் மேல்தளத்தில் இருக்கும் மதுரைக்காரர் சிரித்தார். “ஐயோன்னும் சொல்றான், வான்னும் கூப்பிடறான். எதை நம்பிப் போறீங்க செந்தில்?” என்றார். செந்தில் என் கணவர். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

ஐயோவாவின் கிராமப்புறத்தில் ஒரு சின்ன கவுண்டி. நம் ஊர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுண்டி மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் செந்திலுக்கு வேலை கிடைத்திருந்தது. இப்போது அவர் மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். எங்கள் மகள் யாழினிக்கு நாலு வயது. அவள் எழும் முன் ரயில் ஏறிப் போய்விடுவார், திரும்பி வரும்போது பெரும்பாலும் தூங்கியிருப்பாள். வாரநாட்களில் அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது குளியலறையில் ஈரமாகக் கிடக்கும் ஒரு துண்டு.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “போலாமா நித்யா?” என்று கேட்டார்.

“உங்க இஷ்டங்க” என்றேன்.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நாலு நாள் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு நோட்டு வாங்கி முப்பத்தொரு கேள்விகள் எழுதினேன். வாடகை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு, குழந்தைகள் டாக்டர், கிணற்றுத் தண்ணீர், சூறாவளி வந்தால் ஒளிய நிலவறை, தயிர், துவரம்பருப்பு. யாழினிக்கு அவ்வப்போது வீசிங் வரும் என்பதால் ‘மருத்துவமனை எத்தனை நிமிடம்’ என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் வாடகைக் காரில் அந்தக் கவுண்டிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சோளம். ஆள் உயரத்துக்கு மேல் நின்றதால் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அடுத்த வண்டியிலும் ஒரு விரல். அதற்கடுத்த டிராக்டரிலும்.

“ஏதோ சொல்றாங்கங்க. டிக்கி தெறந்திருக்கா?”

செந்தில் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். டிக்கி மூடித்தான் இருந்தது. விளக்கு, டயர் எல்லாம் சரி. மறுபடி கிளம்பினால் மறுபடியும் விரல். இரண்டாவது முறை நிறுத்தியபோது ஒரு பெண் தன் காரை எங்கள் அருகில் நிறுத்தி, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எல்லாரும் விரலைக் காட்டுகிறார்களே, எங்கள் காரில் என்ன கோளாறு என்று செந்தில் கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். “அது ‘ஹலோ’ங்க” என்றார்.

ஜெர்சி சிட்டியில் லிஃப்டில் தினம் பார்க்கும் முகத்துக்குக்கூட நாங்கள் ஹலோ சொல்வதில்லை. ஸ்டியரிங்கிலிருந்து எழும் ஒற்றை விரலுக்கு அங்கே வேறு பொருள். மீதி வழியெல்லாம் செந்தில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும், அம்பயர் அவுட் கொடுப்பதுபோல, விரலை முழுசாக உயர்த்திக்கொண்டே வந்தார்.

மருத்துவமனை நிர்வாகம் சொல்லி அனுப்பிய வாடகை வீடு ஊருக்கு வெளியே இருந்தது. அதன் சொந்தக்காரர்களான டார்லீன் என்ற பெண்மணியும் அவர் கணவர் ராயும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். டார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியவர், கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. வாடகை வீட்டில் மூன்று படுக்கையறை, பெரிய சமையலறை, சுற்றிலும் புல்வெளி. வாடகை, ஜெர்சி சிட்டியில் ஒற்றைப் படுக்கையறைக்கு நாங்கள் கொடுப்பதில் பாதிகூட இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் நான் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். எங்கேயோ ஒழுக வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு குறைவாக இருக்காது.

பார்த்து முடித்து டார்லீன் வீட்டு முன்னறைக்கு வந்தபோது ஐந்தரை மணி. டார்லீன், “நீங்களும் எங்களோட சாப்பிட்டுட்டுப் போங்களேன்” என்றார்.

“ரொம்ப நன்றி, கண்டிப்பா” என்றேன் உடனே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது நாமக்கல். எங்கள் வீட்டில் யார் வீட்டுக்குப் போனாலும், எதைக் கொடுத்தாலும் முதலில் “வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்” என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் மறுபடி கேட்பார்கள், மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாவது முறை தட்டு தானாகக் கைக்கு வந்துவிடும். அமெரிக்கா வந்த புதிதில் பார்சிப்பனியில் செந்திலின் சக ஊழியர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். யாழினி அப்போது வயிற்றில் எட்டு மாதம். பீட்சா தட்டை நீட்டியதும் நான் வளர்ந்த விதப்படி “வேண்டாம், பரவாயில்லை” என்றேன். “ஓகே” என்று அவர் தட்டை அடுத்தவரிடம் நீட்டிவிட்டார். தட்டு திரும்பி வரவே இல்லை. அன்று காரில் கிடந்த பழைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அழுதேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் யார் எதை நீட்டினாலும் முதல் முறையே ‘யெஸ்’ சொல்லப் பழகிக்கொண்டேன். எனக்கு அது கஷ்டப்பட்டுக் கற்ற பாடம்.

டார்லீன் ஒரு நொடி விழித்தார். பிறகு சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நிலவறைக்கும் சமையலறைக்குமாக நாலைந்து முறை நடந்தார். ஊறுகாய் பாட்டில் ஒன்று வந்தது, பீன்ஸ் பாட்டில் ஒன்று வந்தது, முட்டைகள் வெந்தன. தோட்டத்திலிருந்து ராய் ஒரு கூடை சோளம் பறித்து வந்தார். இறைச்சி இரண்டே துண்டுதான் இருந்தது. அதை ராய் கவனமாக ஐந்தாக வெட்டினார். எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாழினி நாலு சோளம் தின்றாள். அவ்வளவு இனிப்பான சோளத்தை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை ஊருக்குள் இருந்த ஒரே கஃபேக்குப் போனோம். எங்களுக்குப் பின் மேசையில் தொப்பி போட்ட இரண்டு விவசாயிகள். அவர்கள் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

“டார்லீன் வீட்டுக்கு ஜெர்சிக்காரங்க வந்திருக்காங்களாமே.”

“நேத்தே வந்துட்டாங்க. சாப்பிட்டுப் போங்கன்னு ஒரு தடவைதான் கேட்டாளாம். உடனே சரின்னுட்டாங்களாம்.”

“ஒரு தடவையிலயா?”

“ஒரே தடவை. இவ சர்ச்சுக்குக் கிளம்பச் சாவியைக் கையில வச்சிருந்தாளாம். வீட்டுல ரெண்டு துண்டு இறைச்சிதான்.”

“ராய் என்ன சொன்னான்?”

“‘பசிதான் போல’ன்னானாம். தன் துண்டையும் வெட்டிக் குடுத்துட்டு.”

இருவரும் சிரித்தார்கள். கேலி இல்லை, கனிவுகூட இருந்தது. ஆனால் எனக்குக் காது மடல் சுட்டது. அமெரிக்கா முழுவதும் ஒரே ஊர் என்று நினைத்து ஒரு பாடத்தைப் படித்து வைத்திருந்தேன். முதல் முறை ‘வேண்டாம்’ சொல்வதுதான் மரியாதை என்று இருக்கும் இடத்துக்கு வந்து, நாமக்கல்லில் பிறந்த நான், பறந்துபோய் ‘சரி’ என்றிருக்கிறேன். என் அம்மாவுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்பார்.

“அதுக்கு ஏன் இப்படி முழிக்கறே? சாப்பாடு போட்டாங்க, சாப்பிட்டோம்” என்றார் செந்தில்.

“ராய் துண்டை நான் சாப்பிட்டிருக்கேங்க.”

“நானும்தான் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் காசு கொடுக்கப் போனபோது நான் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நின்றேன். கன்றுக்குட்டி விற்பனைக்கு. பியானோ இலவசம், தூக்கிச் செல்வது உங்கள் பொறுப்பு. அவற்றுக்குக் கீழே பள்ளிக்கூடத்தின் தாள் ஒன்று: கணக்கு வகுப்புக்கு உதவி ஆசிரியர் தேவை. அடியில் தொலைபேசி எண் எழுதிய துண்டுகள் கிழிக்க வசதியாக வெட்டிவிடப்பட்டிருந்தன. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். யாழினி பிறந்தபின் வேலைக்குப் போகவில்லை. என் சம்பளம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டேகேருக்கே போய்விடும் என்று கணக்குப் போட்டு வீட்டில் இருந்துவிட்டேன். வேலை பார்க்க அனுமதிக்கும் அட்டை இரண்டு வருடமாக என் கைப்பையில் சும்மா கிடக்கிறது. ஒரு துண்டைக் கிழித்து, அந்த அட்டைக்குப் பின்னால் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முழுவதும் நோட்டுடன் அலைந்தேன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு டேகேர். சுத்தமாக இருந்தது, யாழினி உடனே விளையாட்டுக் களிமண்ணோடு உட்கார்ந்துவிட்டாள். செப்டம்பரில் இடம் இருக்கிறது என்றார்கள். ஜெர்சி சிட்டியில் நான் மசக்கையில் இருக்கும்போதே பெயர் பதிந்து காத்திருந்தவள். இடம் இருக்கிறது என்றதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஏன் இருக்கிறது?

மளிகைக் கடை ஒன்றே ஒன்று. கொத்தமல்லி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில், நகைக்கடையில் மூக்குத்தி வைப்பதுபோல, நாலு தண்டு படுத்திருந்தது. துவரம்பருப்பு வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கார் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வாடகையில் மிச்சமாவது பெட்ரோலிலும் குளிர்கால கேஸிலும் கொஞ்சம் போய்விடும். அப்படியும் மிச்சம் இருக்கும். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், இருக்கத்தான் செய்தது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஓட்டச் சொல்லிக் கையில் போனுடன் நேரம் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

நாமக்கல்லிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். “அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா சாமி?”

“இல்லம்மா.”

“அக்கம்பக்கம்?”

“ஒரு வீடு. மத்தபடி சோளக்காடு.”

“சோளக்காடா? அதுக்கு ஏன் அவ்ளோ தூரம் போனீங்க, இங்க ராசிபுரம் ரோட்டுலயே இருக்குதே” என்றார். பிறகு குரலை இறக்கி, “மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்குதா?” என்றார். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் வீட்டு அளவுகளை எடுக்கப் போனபோது டார்லீன் ஒரு தட்டுடன் வந்தார். தோட்டத்துச் சீமைச் சுரைக்காய் போட்டுச் செய்த கேக். என் முறை வந்துவிட்டது. யாழினியின் காதில், “முதல்ல வேண்டாம்னு சொல்லு” என்று முணுமுணுத்துவிட்டு, “அய்யோ வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டோம்” என்றேன்.

“ஒரே ஒரு துண்டு?”

“பரவாயில்லைங்க, இருக்கட்டும்.”

யாழினி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டு போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான், வெளியே தெரியவில்லை.

டார்லீன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். “ராய்க்கு இது பிடிக்கவே பிடிக்காது. நீங்க எடுக்கலைன்னா குப்பையிலதான் போடணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரிலும் மூன்றாவது முறை ஒரு சின்னப் பொய்யோடுதானே வரும்? ‘குழந்தைங்க யாரும் தொடமாட்டேங்குதுங்க’, ‘நாளைக்கு வச்சா ஊசிப்போயிரும்’. ராய்க்கு அந்தக் கேக் உயிர் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த ஐந்து வருடத்தில் முதல் முறையாக, மறுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கவுண்டித் திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பன்றியையும் ஆட்டையும் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண்மணி யாழினியிடம் “நீ எந்த ஊர், கண்ணு?” என்று குனிந்து கேட்டார். நான் எச்சரிக்கையானேன். “ஜெர்சி” என்றாள் யாழினி. “அடேயப்பா, அவ்வளவு தூரமா?” என்றார் அவர், உண்மையான அனுதாபத்துடன். அவளைப் போன்ற நிறமுள்ள இன்னொரு குழந்தையை அன்று முழுவதும் நான் பார்க்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினேன்.

வைக்கோல் தூசியை நான் யோசித்திருக்க வேண்டும். முப்பத்தொரு கேள்வி எழுதியவளுக்கு அது தோன்றவில்லை. திரும்பும்போது பின்சீட்டில் இருமல் தொடங்கியது. பிறகு அந்த மெல்லிய விசில் சத்தம். இன்ஹேலர் கொடுத்தேன், அடங்கவில்லை. நேராக மருத்துவமனைக்குப் போங்கள் என்றேன். குறுக்கு வழி என்று போன் காட்டிய பாதையில் செந்தில் திரும்பினார். அது ஜல்லி ரோடு. பத்து நிமிடத்தில் ஒரு டயர் பஞ்சர் ஆகிவிட்டது.

செந்தில் ஜாக்கியை எடுத்து எங்கே வைப்பது என்று காருக்கடியில் தலையை விட்டுத் தேடினார். போனில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. யாழினியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவளது விலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு இழுக்கும்போது குழி விழுந்தது.

எதிரே வந்த பிக்கப் நின்றது. பருத்த உடம்பு, அழுக்கு மேலங்கி. “உதவி வேணுமா?”

செந்தில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இல்லைங்க, நாங்களே பாத்துக்கறோம், தாங்க்ஸ்” என்றார். இந்த மனிதர் போய்விட்டால்?

அவர் போகவில்லை. இன்ஜினை அணைத்தார். “என்கிட்ட பெரிய ஜாக்கி இருக்கு.”

“பரவாயில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.” செந்திலும் என்னைப் போலத்தான். கோபிச்செட்டிபாளையத்து வளர்ப்பு.

அந்த மனிதர் இறங்கியேவிட்டார். “எனக்கு வேற வேலையே இல்லை. சும்மாதான் சுத்திட்டிருக்கேன்” என்றார். வண்டியின் பின்புறம் முழுக்க அவிழ்க்காத மாட்டுத் தீவன மூட்டைகள்.

நான் கண்ணாடியை இறக்கி, “குழந்தைக்கு மூச்சுத் திணறுது” என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. டயரைக் கழற்றி மாற்றியதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு வேகம். பிறகு தன் வண்டியைத் திருப்பி, விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, மருத்துவமனை வாசல் வரை எங்களுக்கு முன்னால் ஓட்டினார். நாங்கள் இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை.

நர்ஸ் முதலில் நெபுலைசரை யாழினியின் முகத்தில் வைத்தார், அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டார். கால் மணியில் விசில் தேய்ந்தது. டாக்டர் வந்து முதுகில் காதை வைப்பதுபோலக் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். யாழினி முகமூடிக்குள்ளிருந்து பன்றிக்குட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நர்ஸ் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றார். திரை உறைந்து நின்றது. மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றது. “மன்னிச்சுக்கங்க. இது இப்படித்தான் படுத்தும். இதைச் சரி பண்ண ஜெர்சியிலிருந்து யாரோ ஒருத்தர் வரப்போறார்னு சொல்றாங்க” என்றவர், எண்டர் பொத்தானை இன்னொரு முறை அழுத்திவிட்டு, “இங்கெல்லாம் வருவாங்களா, என்ன” என்றார்.

செந்தில் தன் செருப்பைப் பார்த்தார். கையெல்லாம் டயர் கரி. நான் என் நோட்டைத் திறந்தேன். ‘மருத்துவமனை எத்தனை நிமிடம்’ என்பதற்கு எதிரே ‘22’ என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ‘41, டயரோடு’ என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாழினி எதுவுமே நடக்காததுபோல எழுந்தாள். விமானத்துக்குப் போகும் வழியில் டார்லீனிடம் சொல்லிக்கொள்ளவும் அளவெடுக்க வாங்கிய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். காரில் செந்தில் கேட்டார், “அப்புறம், என்ன சொல்றே? ஓகேவா?”

“உங்க இஷ்டங்க.”

வழக்கமாக இங்கே பேச்சு முடிந்துவிடும். அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார்.

“இல்ல, உனக்கு என்ன தோணுது?”

“யாழினிக்கு நல்லதுன்னா எனக்கும் ஓகேதான்.”

சோளக்காட்டுக்கு நடுவே நாலு ரோடு சேரும் இடம். நாலு பக்கமும் நிறுத்தப் பலகை. அவர் நிறுத்தினார். பிறகு கிளம்பவில்லை.

“யாழினியை விடு. என்னையும் விடு. உனக்கு?”

“பின்னாடி வண்டி வரப்போகுதுங்க.”

“வரட்டும். இங்க யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க.”

நான் கைப்பையைத் திறந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் எண்ணைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்புறம் ஒன்றும் இல்லை.

“என்ன இது?”

“ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சருக்கு அசிஸ்டன்ட் வேணுமாம். கஃபேல ஒட்டியிருந்துச்சு. கிடைக்குமான்னு தெரியாது. ஆனா எனக்கு வேலைக்குப் போகணும்ங்க. இங்க டேகேர் குடுத்தாலும் கையில மிஞ்சும். மிஞ்சலைன்னாலும் போகணும்.”

“வெள்ளிக்கிழமையே கிழிச்சுட்டியா?”

“ஆமா.”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கலை.”

“கேட்டனே.”

“ஒரு தடவைதான் கேட்டீங்க.”

அவர் அந்தத் துண்டுத் தாளை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு கேள்வியில் என்னைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைப் பற்றியும் இல்லை.

“சரி, உங்களுக்கு?” என்றேன்.

“எனக்கென்ன, ஓகேதான்.”

“நெசமாவா?”

“நல்ல ஆஃபர் நித்யா.”

“ஆஃபரை விடுங்க. உங்களுக்கு?”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “பயமா இருக்கு. நேத்து ஜாக்கியை எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னேன் பாரு. ஸ்னோல நீயும் பாப்பாவும் எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா, நான் என்ன பண்ணுவேன்?” பிறகு, “ஆனா நேத்து ராத்திரி அவளுக்கு நான்தான் கதை சொல்லித் தூங்க வச்சேன். அது வேணும்” என்றார்.

“டயர் மாத்தக் கத்துக்கலாம். ரெண்டு பேரும்.”

எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றது என்று தெரியவில்லை. அதில் இருந்தவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். செந்தில் விரலை உயர்த்தினார், இந்த முறை ஊர்க்காரர்போல, ஸ்டியரிங்கிலிருந்து கொஞ்சமே கொஞ்சம். “போலாமா, இல்லையா?” என்று யாழினி பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சலித்துக்கொண்டாள்.

டார்லீன் சாவிக்கொத்துடன் வாசலில் நின்றார், எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். வாசற்படியில் எங்களுக்காக ஒரு பை சோளம். நான் வேண்டாம் என்றேன். விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன். ‘இல்லாட்டி அணில்தான் தின்னும்’ என்றதும் வாங்கிக்கொண்டேன். எல்லாம் முறையாக நடந்தது.

பிறகு அவர் புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. “அந்த வீடு உங்களுக்கு வேணும்னு இருக்காதுதான். ஜெர்சியைப் பாத்தவங்களுக்கு இது எந்த மூலை. இருந்தாலும்…”

“வேணும்” என்றேன்.

டார்லீன் ஒரு நொடி விழித்தார். இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் அவர் வைத்திருந்த வார்த்தைகள் வாயிலேயே நின்றுவிட்டன. அன்றைக்குப் போலவே சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.

வலைக்கதவுக்குப் பின்னால் கேக் தின்றுகொண்டிருந்த ராய், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

“பசிதான் போல.”